ஆறு பேரின் சிம்ஃபனி: ‘க்ரூயல்டி அண்ட் த பீஸ்ட்’ ஆல்பத்தின் இசைத்திறன்

1998 மே மாதம் மியூசிக் ஃபார் நேஷன்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘க்ரூயல்டி அண்ட் த பீஸ்ட்’ ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், அது வெகு சீக்கிரம் டிரம்ஸின் ஒலியில் போய் நின்றுவிடும். யாரோ பக்கத்து அறையில் டைப்ரைட்டர் தட்டுவது போலிருக்கிறது என்பது அந்த ஒலியைப் பற்றிய பழைய கேலி. கேலியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இன்னொரு கேள்வியை மறைத்து வைத்திருந்தது. க்ரேடில் ஆஃப் ஃபில்த் என்ற இந்த ஆங்கிலேயக் குழுவின் ஆறு பேர் அந்த ஆல்பத்தில் உண்மையில் என்ன வாசித்தார்கள் என்பதே அந்தக் கேள்வி. காதிக் சாயல் கொண்ட சிம்ஃபொனிக் பிளாக் மெட்டலில் இசைத்திறனை அளக்க வழக்கமாக இரண்டு அளவுகோல்கள் கையாளப்படுகின்றன. ஒன்று வேகம்: எவ்வளவு விரைவாக, எவ்வளவு பிசகாமல் வாசிக்கிறார்கள் என்பது. மற்றொன்று பிரம்மாண்டம்: உண்மையான ஆர்கெஸ்ட்ரா இருக்கிறதா, எத்தனை வயலின், எத்தனை பேர் கோரஸ் என்பது. இரண்டுமே இந்த ஆல்பத்தின் முன் பயன்படாமல் போகின்றன. இதன் திறமை வேலைப் பங்கீட்டில் இருக்கிறது. ஒரு கணத்தில் யார் பேசுவது, யார் பின்வாங்குவது, எந்த ஸ்தாயியை யாருக்கு விடுவது என்ற முடிவுகளில்தான் ‘சிம்ஃபொனிக்’ என்ற அடைமொழியை இது சம்பாதிக்கிறது. அந்த முடிவுகளைக் காதில் விழவிடாமல் செய்தது 1998-இன் ஒலிக்கலவை. 2019-இல் வந்த மறுகலவை அவற்றை வெளியே கொண்டுவந்தது.

குழு 1991-இல் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் தொடங்கியது. அந்த இடமும் காலமும் முக்கியம். பிளாக் மெட்டல் என்றாலே நார்வேயின் பனிக்காடுகள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தப் பெயர் நியூகாசிலைச் சேர்ந்த வெனம் குழுவின் 1982-ஆம் ஆண்டு ஆல்பத்தின் தலைப்பிலிருந்து வந்தது. நார்வேக்காரர்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதை எடுத்து உடம்பெல்லாம் வற்றிப்போன ஒரு இசையாக ஆக்கினார்கள். டார்க்த்ரோன் குழுவின் ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ (1994) அதன் உச்சம்: ஒரே தாளம், ஒரே நிறம், வேண்டுமென்றே மெலிந்த பதிவு. அதே ஆண்டு எம்பரர் குழு ‘இன் த நைட்சைட் எக்லிப்ஸ்’ ஆல்பத்தில் கீபோர்டை ஒரு மூடுபனித் திரைபோல முழுப் பாட்டின்மீதும் விரித்தது. இதற்கிடையே வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில், பாரடைஸ் லாஸ்ட் 1991-இல் ‘காதிக்’ என்றே ஒரு ஆல்பத்துக்குப் பெயர் சூட்டி, கனத்த மந்த கிட்டாருக்கு மேல் பெண் குரலையும் ஆர்கெஸ்ட்ரா சாயலையும் வைத்தது. மை டையிங் பிரைட் வயலினைக் குழுவின் நிரந்தர வாத்தியமாக்கியது. க்ரேடில் ஆஃப் ஃபில்த் இந்த இரண்டு ஊற்றுகளிலும் குடித்தது. கூடவே அயர்ன் மெய்டனின் இரட்டைக் கிட்டார், ஹாமர் ஸ்டுடியோவின் திகில் படங்கள். இதெல்லாம் உண்மையான பிளாக் மெட்டலா என்ற சண்டை அன்றே தொடங்கி இன்றும் ஓயவில்லை. இசையை விளக்க அந்தச் சண்டை உதவாது. நார்வேயின் அளவுகோலை வைத்து அளந்தால் வெனம் குழுவே தேறாது.

ஆல்பத்தின் கட்டமைப்பிலிருந்து தொடங்கலாம். பத்து உருப்படிகள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. அவற்றில் மூன்று முழுப் பாடல்கள் அல்ல. வாத்திய இசையோ ஓசைச் சூழலோ மட்டும் கொண்ட சிறு துண்டுகள். அவை வரும் இடங்கள் 1, 5, 9. ஆக முன்னுரைக்குப் பின் மூன்று நீண்ட பாடல்கள், ஒரு இடைவேளை, மறுபடி மூன்று பாடல்கள், மறுபடி ஒரு இடைவேளை, கடைசியாக ஒரே ஒரு பாடல். தற்செயலாக அமையக்கூடிய ஒழுங்கு அல்ல இது. முதல் மூன்று பாடல்களும் ஏறக்குறைய ஏழேகால், ஏழேகால், ஏழேமுக்கால் நிமிடங்கள். ஒரே அளவிலான மூன்று அறைகள். இரண்டாம் தொகுதியில் அளவு குலைகிறது: நாலேகால் நிமிடம் மட்டுமே ஓடும் ‘டிசையர் இன் வயலன்ட் ஓவர்சர்’, பிறகு ஏழு நிமிடத்தை எட்டும் ‘த ட்விஸ்டட் நெய்ல்ஸ் ஆஃப் ஃபெய்த்’, பிறகு மூன்று பகுதிகளாகப் பிரிந்து பதினோரு நிமிடம் நீளும் ‘பாத்தரி ஏரியா’. ஆல்பம் சொல்லும் கதையின் நாயகியான கவுண்டஸ் எலிசபெத் பாத்தரி நொறுங்க நொறுங்க, பாடல்களின் வடிவமும் சுருங்கி விரிந்து தறிகெடுகிறது. பல்லவி, சரணம் என்று திரும்பத் திரும்ப வரும் அமைப்பு இங்கே அரிது. பெரும்பாலும் ஒரு பகுதி முடிந்தால் அடுத்தது வேறொரு வேகத்தில், வேறொரு இழையில் தொடங்குகிறது. இப்படி எழுதினால் பாட்டு துண்டு துண்டாகிவிடும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்கிற பொறுப்பு கீபோர்டிடமும் டிரம்ஸிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

கீபோர்டு வாசித்தவர் லெஸ் ஸ்மித். அவருடைய பங்கை எம்பரரின் பாணியோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். திரைபோல எப்போதும் விரிந்திருக்கும் கீபோர்டு அல்ல இவருடையது. தந்தி வாத்தியத் தொகுதியாக நீண்ட சுரங்களைப் பிடித்துக் கிட்டாருக்கு அடித்தளம் இடுகிறது. சில இடங்களில் கிட்டார் அடியொலியாகிவிட, மெட்டைத் தானே ஏற்கிறது. வேகம் மாறும் முனைகளில் பியானோவாகவோ ஆர்கனாகவோ நிறம் மாறி, அடுத்த பகுதியின் சுரத்தை முன்கூட்டியே ஒலித்துக் காட்டுகிறது. இந்தக் கடைசி வேலைதான் பாட்டைத் தைக்கிறது. சுரங்களைப் பொறுத்தவரை இந்த இசை பெரும்பாலும் இரண்டு மைனர் ஸ்கேல்களுக்கு இடையே ஊசலாடுகிறது. நம் கர்நாடக இசைக் காதுக்குச் சொல்வதென்றால், நேச்சுரல் மைனரின் சுரங்கள் 20-ஆவது மேளமான நடபைரவியோடும், ஹார்மோனிக் மைனரின் சுரங்கள் 21-ஆவது மேளமான கீரவாணியோடும் ஒத்துப்போகும். இரண்டுக்கும் நிஷாதம் ஒன்றில் மட்டுமே வேறுபாடு. அந்த நிஷாதம் உயர்ந்து காகலியாகும்போது மேல் ஷட்ஜத்தை நோக்கி ஒரு இழுப்பு பிறக்கிறது. தேவாலய ஆர்கன் இசையும் பழைய திகில் படங்களின் பின்னணி இசையும் பயன்படுத்திக்கொண்ட இழுப்பு அது. கமகம் இல்லாமல் தட்டையாக வாசிக்கப்படுவதால் ராகம் என்று சொல்ல முடியாது; ஆனால் ‘காதிக்’ என்று நாம் உணரும் அந்த மணத்தில் பெரும்பங்கு இந்த ஒற்றைச் சுர மாற்றத்துக்கு உரியது. உடுப்பும் முகப்பூச்சும் வராத ஒலிப்பதிவில், அந்த வேலையைச் செய்யச் சுரங்களைத் தவிர வேறு வழியில்லை.

கிட்டார்கள் ஸ்டூவர்ட் ஆன்ஸ்டிஸ், ஜியான் பைரஸ் ஆகிய இருவருடையவை. தனி வாசிப்புக் காட்டும் இடங்கள் குறைவு என்பதால் இவர்களைச் சாமானியக் கலைஞர்கள் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. மெட்டல் இசையில் கிட்டார்காரரின் மதிப்பை ‘சோலோ’வில் தேடும் பழக்கத்தால் வந்த தவறு இது. இங்கே இருவரும் செய்வது இணைமெட்டு: ஒருவர் மெட்டை வாசிக்க, மற்றவர் மூன்றாம் சுர இடைவெளியில் அதைப் பின்தொடர்வது. அயர்ன் மெய்டனிடமிருந்து நேராக வந்த உத்தி. அந்தக் குழுவின் ‘ஹாலோட் பீ தை நேம்’ பாடலை இதே காலத்தில் க்ரேடில் ஆஃப் ஃபில்த் தன் பாணியில் பதிவு செய்ததால் கடன் ஒளிவுமறைவில்லாமல் வெளிப்பட்டது. கடன் வாங்கியதை என்ன செய்தார்கள் என்பதில்தான் சுவாரசியம். மெய்டனில் இணைமெட்டு வரும்போது மற்ற வாத்தியங்கள் ஒதுங்கி வழிவிடும். இங்கே அதே நேரத்தில் கீபோர்டு மூன்றாவது குரலாக எதிர்த்திசையில் நகர்கிறது, கிட்டார் ஏற கீபோர்டு இறங்குகிறது. அதற்கும் கீழே ராபின் கிரேவ்ஸின் பாஸ் கிட்டார் மூல சுரத்தை மட்டும் பிடித்து நில்லாமல் தனியாக நடக்கிறது. எதிரெதிராக நகரும் நான்கு கோடுகள், அதற்கு மேல் குரல். தொழில்முறை ஆர்கெஸ்ட்ரா எழுத்தாளர் ஒருவர் தாளில் செய்யக்கூடிய வேலையை இவர்கள் ஒத்திகையில் உருவாக்கியிருக்கிறார்கள். வேகமாகத் தந்தியை மேலும் கீழும் உரசும் ட்ரெமலோ வாசிப்பு பிளாக் மெட்டலின் அடையாளம். ஆனால் இதில் அது ஒரு கருவி மட்டுமே. தேவையான இடத்தில் எடுக்கிறார்கள், மற்ற இடத்தில் துண்டித்துத் துண்டித்து வாசிக்கும் த்ராஷ் பாணிக்குத் தாவுகிறார்கள்.

டிரம்ஸ் நிக்கோலஸ் பார்க்கர். ஆல்பத்தின் இசைத்திறனுக்கு ஒரே ஒருவரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டுமென்றால் நான் இவரைத்தான் அழைப்பேன். பிளாஸ்ட் பீட் என்பது வலக்கையும் இடக்கையும் மாறிமாறி, சிம்பலிலும் ஸ்னேரிலும் இடைவெளியே இல்லாமல் விழும் அடி. அதோடு இரண்டு கால்களும் டபுள் பேஸ் பெடலில் ஓடும். நிமிடத்துக்கு 200 என்ற வேகத்தில் ஒரு துடிப்புக்கு நான்கு உதை என்று கணக்கிட்டால், நொடிக்குப் பதின்மூன்று உதைக்கு மேல். இந்த வேகத்தை எட்டுபவர்கள் இன்று ஏராளம். அதில் வியக்க ஒன்றுமில்லை. பார்க்கரிடம் கவனிக்க வேண்டியது அவர் அந்த வேகத்தை எங்கே விடுகிறார் என்பது. கிட்டார் ஒரே மெட்டைத் திரும்ப வாசிக்கும்போது, இரண்டாம் முறை அவர் ஸ்னேர் அடியைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிட்டுக் கால்களை மட்டும் அப்படியே ஓடவிடுவார். மெட்டு மாறவில்லை, ஆனால் கேட்பவருக்கு ஒரு மலைச்சரிவு திடீரென்று சமவெளியானது போல் தோன்றும். இன்னொரு பழக்கம்: ஒரு பகுதி முடியும் இடத்தில் டாம் டிரம்களில் நீண்ட உருட்டல் வாசித்து, அதன் கடைசி அடியைப் புதிய வேகத்தின் முதல் அடியாகவே வைத்துவிடுவது. துண்டுகளால் ஆன பாட்டுக்கு இதுதான் எலும்பு. சிம்ஃபனியில் கண்டக்டர் கைக்கோலால் செய்யும் வேலையை இங்கே டிரம்ஸ்காரர் செய்கிறார் என்றால் மிகை இல்லை.

அப்படியென்றால் இத்தனை காலம் ஏன் அது கேட்கவில்லை? பதிவு நடந்தது பர்மிங்ஹாமின் டி.இ.பி. இன்டர்நேஷனல் ஸ்டுடியோவில். ரெகே குழுவான யுபி40-க்கு அப்போது சொந்தமாக இருந்த இடம் அது. குருதியில் குளிக்கும் கவுண்டஸுக்கு இடம் கொடுத்தது ரெகே கூடம் என்பது பிரிட்டிஷ் இசைத்தொழிலின் சின்ன வேடிக்கை. தயாரிப்பை ஜான் பீட்டர் கெங்கல் குழுவோடு சேர்ந்து கவனித்தார். டிரம்ஸ் பதிவில் டிரிகர் என்ற கருவி பயன்பட்டது. டிரம் தோலில் பொருத்திய உணரி ஒவ்வொரு அடியையும் மின் சமிக்ஞையாக்கும். அந்தச் சமிக்ஞை, ஏற்கெனவே பதிவான ஒரு அடியோசையை ஒலிக்கச் செய்யும். அதிவேக வாசிப்பில் ஒவ்வொரு உதையும் தெளிவாகக் கேட்க இது தேவைப்பட்டது. விலை என்னவென்றால், மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய ஒரே ஓசை வருகிறது. மனிதக் கையின் ஏற்ற இறக்கம் அழிந்துபோகிறது. 1998 கலவையில் அந்த ஓசையும் மெலிந்து, கூர்மையான சொடுக்காக, எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நின்றது. கூர்மையான சொடுக்கு ஒலிகள் கேட்கும் அதே அதிர்வெண் பகுதியில்தான் கிட்டாரின் விளிம்பும் உச்சரிப்பின் மெய்யெழுத்துகளும் இருக்கின்றன. அங்கே சொடுக்கு அமர்ந்துகொண்டால் மற்றவை பின்னால் தள்ளப்படும். பாஸ் கிட்டார் ஏறக்குறைய காணாமலே போனது. நான்கு கோடுகளில் இரண்டு மட்டும் கேட்டால், அது எதிர்மெட்டுகள் நிறைந்த இசையாகத் தோன்றாது. அலங்காரம் ஒட்டிய இரைச்சலாகத் தோன்றும். விமர்சகர்கள் பலர் அப்படித்தான் எழுதினார்கள். அவர்கள் காதைக் குறை சொல்ல முடியாது.

குழுவுக்கே இந்தக் கலவையில் திருப்தி இல்லை என்பது ஊரறிந்த செய்தி. 2019 நவம்பர் 1-ஆம் தேதி ‘ரீ-மிஸ்ட்ரஸ்ட்’ என்ற பெயரில் மறுகலவை வந்தது. சஃபோக்கின் கிரைண்ட்ஸ்டோன் ஸ்டுடியோவில் ஸ்காட் ஆட்கின்ஸ், 1998-இல் பதிவான தடங்களை எடுத்து மறுபடி கலந்தார். இதில் ஆய்வாளருக்குக் கிடைப்பது அபூர்வமான ஒரு சோதனை: அதே வாசிப்பு, அதே நாள்கள், அதே கைகள், மாறியது கலவை மட்டும். பாஸ் கிட்டார் கேட்கிறது. டாம் உருட்டல்களுக்கு உடம்பு வந்திருக்கிறது. இரண்டு கிட்டார்களும் இடவலமாகப் பிரிந்து நிற்பதால், யார் மெட்டு, யார் துணை என்று சொல்ல முடிகிறது. ஒரு கூர்மையான மறுப்பு இங்கே எழலாம். நவீன ஸ்டுடியோவில் டிரம் ஓசைகளைப் புதிதாக மாற்றிவைக்க முடியும். இணைத்துச் சீராக்க முடியும். ஆகவே 2019-இல் நாம் கேட்கும் திறமை 1998-இன் கலைஞர்களுடையதா, 2019-இன் கணினியுடையதா? மறுப்பை அப்படியே தள்ளிவிட முடியாது. ஆனால் ஓசையை மாற்றினால் நிறம்தான் மாறும். எந்த அடி எந்த இடத்தில் விழுகிறது என்ற வடிவம் மாறாது. நான் மேலே சொன்ன பாதி வேக இறக்கங்களும், வேகத்தைக் கைமாற்றும் உருட்டல்களும் பழைய ஆல்பத்திலும் இருக்கின்றன. 2019-ஐக் கேட்ட பின் 1998-க்குத் திரும்பினால் அந்தச் சொடுக்குகளுக்கு நடுவே அவற்றை விரல்வைத்துக் காட்டலாம். வெளிச்சாட்சியும் உண்டு. பார்க்கர் இந்தக் குழுவிலிருந்து விலகி நார்வேயின் டிம்மு போர்கிரில் சேர்ந்து, ‘ப்யூரிட்டானிக்கல் யூஃபோரிக் மிசாந்த்ரோப்பியா’ (2001) ஆல்பத்தில் வாசித்தார். ஃப்ரெட்ரிக் நோர்ட்ஸ்ட்ரோமின் ஸ்வீடிஷ் ஸ்டுடியோவில், வேறொரு தயாரிப்பாளர் கையில், முற்றிலும் வேறொரு கலவையில், அதே பழக்கங்கள் கேட்கின்றன.

எதிர்த்திசையிலிருந்து வரும் ஒரு வாதம் இதைவிட வலுவானது. 1998-இன் ஒலியே அந்த ஆல்பத்தின் முகம். மெலிந்த, கீச்சிட்ட, நோய்பிடித்த அந்தத் தன்மை கவுண்டஸின் கோட்டைக்குப் பொருத்தம். இருபத்தோரு ஆண்டு கழித்துச் சதை வைத்துத் தடித்த ஒலியாக்குவது வரலாற்றைத் திருத்துவது என்கிறது அந்த வாதம். பிளாக் மெட்டலில் மோசமான பதிவு ஒரு அழகியல் என்பதும் உண்மையே. டார்க்த்ரோனின் மெலிந்த ஒலிக்கு ஒரு நியாயம் உண்டு: அங்கே இசைக்கோடுகள் ஒன்றோ இரண்டோதான், கூறியது கூறலே அதன் முறை, மங்கல் அதற்கு ஆழம் தருகிறது. ஏழெட்டுப் பகுதிகளும் நான்கு கோடுகளும் கொண்ட இசைக்கு அதே மங்கல் நஷ்டம். மேலும், 1998-இன் ஒலி கரடுமுரடாக இல்லை. டிரிகர் ஒலி கரடுமுரடுக்கு நேர் எதிர். அளவுக்கு மீறிய சுத்தம் அதன் குறை. ஆக ‘கச்சாத்தன்மை’ என்ற தற்காப்பு இந்த ஆல்பத்துக்குப் பொருந்தாது. பழைய பதிப்பின்மீது ஒருவருக்குப் பாசம் இருக்கலாம். பாசம் வேறு, அந்த ஒலி அந்த எழுத்துக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வி வேறு.

கீபோர்டால் செய்த வயலின் வயலினாகுமா என்பது அடுத்த ஆட்சேபம். ஆகாது. 1998-இன் தொழில்நுட்பத்தில் கீபோர்டின் தந்தி ஓசையும் கோரஸ் ஓசையும் பிளாஸ்டிக் வாடை அடிப்பவை; மறுகலவையில் அது இன்னும் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் உண்மையான ஆர்கெஸ்ட்ரா வந்தால் சிம்ஃபொனிக் தன்மை தானாக வந்துவிடுமா என்பதைச் சோதிக்க இதே குழு வழி செய்திருக்கிறது. 2003-இல் சோனி நிறுவனத்துக்காக வெளியிட்ட ‘டாம்னேஷன் அண்ட் எ டே’ ஆல்பத்தில் புடாபெஸ்ட் திரைப்பட ஆர்கெஸ்ட்ராவும் கோரஸும் பங்கேற்றன. அந்த ஆல்பம் நான்கு பாகமாகப் பிரிந்து, ஒவ்வொரு பாகத்தின் வாசலிலும் ஆர்கெஸ்ட்ரா முன்னுரை ஒன்று நிற்கிறது. பாடல்களுக்குள்ளும் ஆர்கெஸ்ட்ரா வருகிறது. ஆனால் அதன் மிகச் சிறந்த கணங்கள் குழு மௌனமாக இருக்கும் அந்த வாசல்களில்தான். வயலின்கள் உண்மையானவை, ஒலி செழுமையானது, குழுவும் ஆர்கெஸ்ட்ராவும் மாறிமாறிப் பேசுகின்றன. ஒரே வாக்கியத்தைப் பகிர்ந்து பேசுவது குறைவு. டிம்மு போர்கிர் ‘டெத் கல்ட் ஆர்மகெடான்’ (2003) ஆல்பத்தில் ப்ராக் ஃபில்ஹார்மோனிக்கைச் சேர்த்தபோது பலன் இதைவிட நன்றாக இருந்தது. காரணம், அந்தக் குழுவின் கீபோர்டு கலைஞர் முஸ்டிஸ் தன் கீபோர்டில் அமைத்த பகுதிகளையே கௌட்டே ஸ்டோராஸ் ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்தெழுதினார். அதாவது ஆர்கெஸ்ட்ரா வருவதற்கு முன்பே கீபோர்டில் அமைப்பு முடிந்திருந்தது. லெஸ் ஸ்மித்தின் பகுதிகளையும் ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுத்தால் எழுத்து தாங்கும் என்பதே என் மதிப்பீடு. ஓசையின் மலிவை வைத்து அமைப்பின் தரத்தை எடை போடக் கூடாது.

குரலுக்கு வருவோம், சாட்சியம் இங்கே இருவிதமானது. பாடகர் டானி ஃபில்த் ஒரே ஆளாகக் குறைந்தது மூன்று குரல்களை வைத்திருக்கிறார்: செவியைக் கிழிக்கும் உச்சக் கிறீச்சிடல், அடித்தொண்டை உறுமல், அரைப் பேச்சு. ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிவு செய்து, ஒரு வரியை ஒரு குரலில் தொடங்கி இன்னொன்றில் முடிக்கிறார். நாடகத்துக்கு ஏற்ற உத்தி. ஆனால் அவர் எழுதுகிற சொற்கள் அளவுக்கு மீறி நெருக்கமானவை. வாத்தியம் மூச்சுவிட வேண்டிய இடத்தையும் சொற்கள் அடைத்துக்கொள்கின்றன. ஆல்பத்தில் யாருக்காவது சுயக்கட்டுப்பாடு போதவில்லை என்றால் அது அவருக்குத்தான். இதற்கு மாற்றாக நிற்பது இங்க்ரிட் பிட்டின் குரல். வார்சாவில் பிறந்து, குழந்தைப் பருவத்தில் நாஜி வதைமுகாமில் இருந்து உயிர் தப்பி, பிறகு ஹாமர் திகில் படங்களின் நட்சத்திரமான இவர், 1971-இல் ‘கவுண்டஸ் டிராக்குலா’ படத்தில் இதே கவுண்டஸ் பாத்தரியின் சாயலில் அமைந்த பாத்திரத்தில் நடித்தார். அந்தப் படத்தில் அவருடைய குரல் நீக்கப்பட்டு வேறொருவரின் குரல் பொருத்தப்பட்டது. அவருக்கு அது தீராத மனக்குறை. இருபத்தேழு ஆண்டு கழித்து, உருவம் இல்லாமல் குரல் மட்டுமாக, அதே பாத்திரத்துக்கு அவர் திரும்பினார். ‘க்ரூயல்டி பிராட் தீ ஆர்க்கிட்ஸ்’ அவர் பேச்சோடுதான் தொடங்குகிறது. ‘பாத்தரி ஏரியா’வின் இறுதிப் பகுதியில் அந்தக் குரல் சிறைபட்ட கிழவியாகத் திரும்பி வருகிறது. அவசரமில்லாத, மத்திய ஐரோப்பிய உச்சரிப்பு கொண்ட அந்தப் பேச்சைச் சுற்றி வாத்தியங்கள் ஒதுங்கி இடம் விடுகின்றன. டானிக்கு அப்படி யாரும் ஒதுங்குவதில்லை. பக்கத்தில் வைத்துக் கேட்டால் இடைவெளியின் மதிப்பு புரியும்.

கதையைப் பற்றிய ஆட்சேபமும் இசையோடு பின்னியது. வரலாற்றின் எலிசபெத் பாத்தரி 1560-இல் பிறந்த ஹங்கேரியப் பிரபு குலப் பெண். கணவர் ஃபெரென்ஸ் நாடாஸ்டி 1604-இல் இறந்தார். 1610 டிசம்பரில் ஹங்கேரியின் பலட்டைன் பதவியில் இருந்த கியோர்கி துர்சோ அவரைக் கைது செய்தார். 1611 தொடக்கத்தில் அவருடைய பணியாட்கள் விசாரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர் மட்டும் விசாரணைக்கே கொண்டுவரப்படாமல், இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் சாக்திட்சே கோட்டையில் அடைக்கப்பட்டு 1614-இல் இறந்தார். கன்னிப்பெண்களின் குருதியில் குளித்தார் என்ற கதை அன்றைய வாக்குமூலங்களில் இல்லை. ஒரு நூற்றாண்டுக்கும் பிறகு, 1729-இல், யேசு சபைத் துறவி லாஸ்லோ துரோட்சியின் நூலில் அச்சேறியது. ஆல்பத்தின் அட்டையில் குருதித் தொட்டியில் அமர்ந்திருக்கும் பெண் இந்தப் பிற்காலக் கதைக்குச் சொந்தக்காரி. வரலாற்றுப் பிழை என்று இதைக் குறை சொல்வதில் பொருளில்லை. காதிக் கலை வதந்தியைத்தான் எப்போதும் கச்சாப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. ஆனால் பெண்கள் வதைபடுவதை ஒரு காட்சிப் பொருளாக்குகிறது என்ற குற்றச்சாட்டை இசையை வைத்தே ஏற்க வேண்டியிருக்கிறது. கவுண்டஸுக்கு மெட்டு இருக்கிறது, பேச்சு இருக்கிறது, பதினோரு நிமிட ஏரியா இருக்கிறது. சாரா ஜெசபெல் டேவாவின் உயர்ந்த பெண் குரலும் அவளுடைய கம்பீரத்துக்கே ஒளி கூட்டுகிறது. பலியானவர்களுக்கு ஒரு மெட்டுகூட இல்லை. ஐந்தாவது உருப்படியான ‘வீனஸ் இன் ஃபியர்’ துண்டில் அவர்கள் வெறும் அலறலாகவும் முனகலாகவும் வருகிறார்கள். ஆல்பத்தின் பலவீனமான இரண்டு நிமிடங்கள் அவையே. ஒழுக்கக் குறையும் இசைக் குறையும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன: ஒரு குரலுக்குக் கோடு எழுதத் தெரிந்த குழு, எழுதவே முயலாமல் ஓசையை மட்டும் ஒட்டிவைத்திருக்கிறது.

இந்த ஆறு பேரின் கூட்டு நிலைக்கவில்லை. 1999-இல் பார்க்கர், ஆன்ஸ்டிஸ், ஸ்மித் மூவரும் வெளியேறினார்கள். ஸ்மித் பின்னாளில் லிவர்பூலின் அனதீமா குழுவில் சேர்ந்து, இதற்கு முற்றிலும் எதிரான, நிதானமான இசைக்குக் கீபோர்டு வாசித்தார். அவர் இடத்துக்கு மை டையிங் பிரைடின் பழைய வயலின் கலைஞர் மார்ட்டின் பவல் வந்தார். டிரம்ஸுக்கு ஸ்வீடனின் ஏட்ரியன் எர்லண்ட்சன். 2000-இல் வந்த ‘மிடியன்’ எந்த வகையில் பார்த்தாலும் நன்றாக ஒலிக்கும் ஆல்பம். பாடல்கள் இறுக்கமானவை, கலவை தெளிவானது, முதல் முறை கேட்பவருக்கு நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் எர்லண்ட்சன் தாளத்தை ஒழுங்காகப் பிடித்து நிற்கிறார். பார்க்கரைப் போல அதைக் கொண்டு பாட்டின் போக்கைத் திருப்புவதில்லை. கீபோர்டும் ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குப் பாலம் போட வேண்டிய தேவை அங்கே குறைவு, பாடல்களே நேராக ஓடுவதால். ஏழரை நிமிடப் பாட்டுக்குள் அத்தனை முறை வழி மாறியும் சிதறாமல் போய்ச்சேரும் அந்த எழுத்து முறையை, மூவரும் போன பிறகு குழு பெரும்பாலும் கைவிட்டுவிட்டது.